டச்சுக்குப் போன சொல்

வடகடலின் குளிர் கேட்காமலே வீட்டுக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்துகொள்ளும் ஒரு சிறு மீன்பிடி ஊரில், கடலுக்குக் கீழே தரையும் தரைக்கு மேலே வாய்க்காலுமாக எல்லாமே தலைகீழாய்க் கிடக்கும் அந்த ஒல்லாந்துக் கரையில், நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் அகதிகளாகக் கொண்டுவந்து இறக்கப்பட்டிருந்த காலத்தில், ஜெசிந்தா ரீச்சர் ஒரு சொல்லைச் சரியாக டச்சில் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லும் அதற்குள் இருந்த துயரமும் சொன்னவரை விட்டுக் கேட்டவரிடம் போய்விடும் என்பது தெரியவந்தது. முதலில் தெரியவந்தது டொக்டருக்குத்தான், பாவம்.

ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சிவபாதம் அண்ணை ஒரு மாரியில் படுக்கையை விட்டு எழும்பவே மாட்டேன் என்று கிடந்தார். தூக்காத குறையாக டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மொழிபெயர்க்க ஜெசிந்தா ரீச்சர் வந்தார். என்ன செய்கிறது என்று டொக்டர் கேட்க, சிவபாதம் அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு மனம் விட்டுப் போச்சு" என்றார்.

ரீச்சர் எங்கள் நாட்டுக் கடற்கரை ஊரான பேசாலைக்காரி. கரைவலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்து, படித்து, பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தவர். அகதி முகாமில் அவருக்குக் கிடைத்தது ஒரேயொரு புத்தகம்தான். இங்கிலீசுக்காரர் வாயில் அடிக்கடி வரும் வினைத்தொடர்களுக்கெல்லாம் டச்சில் என்ன சொல்வது என்று காட்டும் மெல்லிய புத்தகம். கிவ் அப் என்றால் ஓப்கேவன், கரி ஒன் என்றால் டோர்கான், பாஸ் அவே என்றால் ஓவர்லைடன் என்று செபமாலை உருட்டுவதுபோல் உருட்டி உருட்டி அவர் டச்சு படித்தார். அதனால் எந்தத் தமிழ்ப் பேச்சும் அவரிடம் முதலில் இங்கிலீசில் ஒருமுறை முங்கி எழும்பித்தான் டச்சில் கரையேறும். சிவபாதம் அண்ணையின் மனம் விட்டுப்போனதும் அப்படித்தான் கிவ் அப்பில் முங்கி, ஓப்கேவன் என்று எழும்பி, மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். சிவபாதம் அண்ணை எழும்பி, ஜக்கெற்றின் பொத்தான்களைப் பூட்டி, இங்கே பொரிச்ச மீன் எங்கே வாங்கலாம் என்று கேட்டார். மறுகிழமை டொக்டர் வைத்தியசாலையை மூடிவிட்டுத் தன் தோட்டத்தில் கன்னத்தில் கைவைத்தபடி மழையில் உட்கார்ந்திருந்தார். ஊருக்கு வேறு டொக்டர் வந்தார்.

நாங்கள் இதற்கு ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. பின்னேரத் தேத்தண்ணி ஆறுமுன்னமே இருட்டுகிற ஊரில், நாய்க்கும் வரி கட்டுகிற ஊரில், இதுவும் ஒரு வழக்கமாக்கும் என்று எடுத்துக்கொண்டோம். ஆச்சரியப்படுவதற்கும் வயிற்றில் கொஞ்சம் சோறு வேண்டும், கையில் விசா வேண்டும்.

ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. கள்ளுக்கொட்டிலைக் கண்டவன் தாகமில்லை என்று போவானா? முதலில் எங்கள் பெடியள், மீன் தொழிற்சாலையில் எந்நேரமும் குரைத்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளனிடம் ரீச்சரைக் கூட்டிப்போய், தங்கள் வயிற்றெரிச்சல் முழுவதையும் ஒவ்வொருத்தராய்ச் சொன்னார்கள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போத்தல் போத்தலாகப் பால் குடித்தபடி அலைந்தான். அதற்குப் பிறகு கோயில் சபை கூடியது. கோயில் என்றால் வாடகைக் கராஜ் ஒன்றில் ஒரு பிள்ளையார், அவ்வளவுதான். கைக்குழந்தை இருக்கிறவரிடம் சொல்லக்கூடாது, பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்லக்கூடாது, வாடகை குறைத்துத் தந்தவரிடம் சொல்லக்கூடாது, பெரிய துயரமென்றால் பெரிய வீட்டில் தனியே இருப்பவராகப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று முடிவாயிற்று. அப்படியானவர்களுக்கு ஊரில் குறைவில்லை. வியாழக்கிழமை தோறும் தேவாலய மண்டபத்தில் கோப்பி ஊற்றும் கிழவிகள், சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று எங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பிஸ்கட்டைத் தந்துவிட்டுப் பேணியை மூடிவிடுவார்கள், ஆனால் காதை மூடமாட்டார்கள்.

அவர்களிடம் நாங்கள் எல்லாவற்றையும் கொட்டினோம். எரிந்த வீட்டைச் சொன்னோம், கண்ணுக்கு முன்னாலே கண்ணை மூடிய தகப்பனைச் சொன்னோம், கைநழுவிப் போன காணியைச் சொன்னோம், விமானத்தில் ஏறும்போது திரும்பிப் பார்க்காததைச் சொன்னோம், ரீச்சர் ஒவ்வொன்றையும் இங்கிலீசில் முக்கி டச்சில் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கக் கொடுக்க ஊர் மாறியது. பேக்கரிக்காரி பாண் வெட்டும்போது அழுதாள். துறைமுக அதிகாரி படுக்குமுன் கட்டிலுக்குக் கீழே பார்த்தார், பார்த்துவிட்டு எதைத் தேடினேன் என்று மனைவியைக் கேட்டார். கடலுக்கு மேலே ஹெலிகொப்டர் போனால் வயதான ஆண்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் குதித்தார்கள். ஊர்ச்சபை இதைக் கிழக்குக் காற்றின் குணம் என்று தீர்மானித்துக் கடற்கரை நெடுக உட்காருவதற்கு வாங்குகள் போட்டுக் கொடுத்தது.

நாங்கள் உடம்பு வைத்தோம். எங்களுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் நித்திரை வந்தது.

ஒரு குறை மட்டும் இருந்தது. எதுவும் முழுதாகப் போகவில்லை. சிவபாதம் அண்ணை மழை பெய்தால் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். தகப்பனைக் கொடுத்தவர்களுக்குத் தகப்பனின் சுருட்டு மணம் எங்கேயோ மூக்கில் ஒட்டிக்கிடந்தது. ரீச்சரிடம் முறையிட்டோம்.

"நடுவிலை இங்கிலீசுக்கை கொஞ்சம் தங்கிப்போகுது போலை," என்றார் ரீச்சர். "தேங்காய்ப்பால் பிழிஞ்சாச் சக்கை மிஞ்சும்தானே? அதை நீங்களே வைச்சிருங்கோ."

அந்தச் சக்கைதான் எங்களை மனிசராக வைத்திருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இந்தக் கொண்டாட்டத்தில் சேராத ஒருத்தி இருந்தாள், சின்னத்தங்கம் அக்கா. மகள் சுகிர்தாவுடன் வாய்க்கால் கரையில் இருந்தாள். அகதியாக வருமுன் ஊரில் ஒரு காலைநேரம் அவளுடைய மூத்த மகன் நிமலன் சந்திக்கடையில் பாண் வாங்கச் சைக்கிளை எடுத்தான். "அம்மா, போட்டு வாறன்" என்றான். "போட்டு வா ராசா" என்றாள். அன்றைக்குச் சந்தியில் ஆமியின் சுற்றிவளைப்பு. சைக்கிளும் வரவில்லை, பாணும் வரவில்லை, அவனும் வரவில்லை.

எங்கள் ஆட்கள் வாசல் தாண்டும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. கிணற்றடிக்குப் போனாலும் கனடாவுக்குப் போனாலும் போய்விட்டு வருகிறேன் என்பதுதான். அதைத்தான் எங்கள் வாய் போட்டு வாறன் என்று சுருக்கி வைத்திருக்கிறது. நிற்பவரும் போ என்று சொல்வதில்லை; அப்படிச் சொன்னால் அது சாபம். வெறுமனே போகிறவர்கள் பிணங்கள்தான், அவர்களும் வாய் திறந்து சொல்வதில்லை. ஆகவே சின்னத்தங்கம் அக்காவுக்குக் கணக்கு நேராக இருந்தது. வாறன் என்று சொன்னவன் வருவான். ஒல்லாந்திலும் அவள் மூன்று பேருக்கு உலை வைத்தாள். தபால்காரனே பிழைவிடும் அந்த வீட்டின் வாசலில் பூச்சாடிக்குக் கீழே அவன் வந்தால் கதவைத் திறக்கவென்று ஒரு திறப்பு கிடந்தது.

அந்தக் கணக்கே அவளுக்கு வினையாயிற்று. முதல் விசாரணையில் ரீச்சரைக் கூப்பிடவில்லை. ஏதோ நகரத்திலிருந்து தொலைபேசியில் ஒருவர் மொழிபெயர்த்தார், முகத்தை யாரும் பார்த்ததில்லை. உங்கள் மகன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். "போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன், வருவான்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மகன் வருவதாகத் தனக்குச் சொல்லியிருக்கிறான் என்று அந்த மனிதர் டச்சில் ஒப்புவித்தார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்: மகன் உயிரோடு இருக்கிறான், தாயோடு தொடர்பில் இருக்கிறான், பின்னால் வரவும் திட்டமிட்டிருக்கிறான். எனவே ஆபத்தில்லை, தாயும் மகளும் ஊருக்குத் திரும்பலாம்.

இன்னும் ஒரு விசாரணைதான் மிச்சம். செத்துப்போனான் என்று சொன்னால் காரியம் முடியும் என்றார் வழக்கறிஞர். "என்ரை வாயாலை அதைச் சொல்லமாட்டன்" என்றாள் அக்கா. "அவன் வந்து கேட்டா நான் எந்த முகத்தை வைச்சுக்கொண்டு கதவைத் திறக்கிறது?"

சுகிர்தா ரீச்சரிடம் வந்தாள். அவளுக்கு இருபது சொச்சம் வயது. அண்ணன் நின்ற சந்தியில் அடுத்து நிற்கப்போவது தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"ரீச்சர், அண்ணா சொன்னது வாக்குறுதி இல்லை, எங்கடை வழக்கம் எண்டு விசாரிக்கிற மனுசனுக்கு விளங்கவேணும். நீங்கள்தான் சரியாச் சொல்லித் தரவேணும்."

"சுத்தி வளைச்சு விளக்கினா அவங்கள் நம்பமாட்டாங்கள் பிள்ளை. சரியான சொல்லாலை சொன்னா, அது கொம்மாவை விட்டுப் போயிடும். அவ காத்துக்கொண்டு இருக்கிறது அந்தச் சொல்லிலைதான்."

"கொஞ்சம் மிஞ்சும்தானே ரீச்சர்? எல்லாருக்கும் மிஞ்சினதுதானே?"

ரீச்சர் ஓம் என்றார். அதுவரைக்கும் அது உண்மைதான்.

அன்று பின்னேரம் சுகிர்தா தாயிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். சின்னத்தங்கம் அக்கா மூன்று பேருக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"போனா எனக்கு என்ன மிஞ்சும்?"

"சக்கை மிஞ்சுமாம் அம்மா."

அக்கா அரிசித் தண்ணியை வடித்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பிள்ளைக்காக மற்றப் பிள்ளையை விற்பதா என்று அவள் நெஞ்சு கேட்டிருக்கும், கேட்காமல் இருக்குமா? பிறகு, "சரி, சக்கையிலை ரெண்டாம் பால் எடுக்கலாம்" என்றாள்.

ரீச்சர் சொல் தேடத் தொடங்கினார். வழக்கம்போல் முதலில் இங்கிலீசில் முங்கினார், அடியில் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஐ வில் பி பக் என்றால் அது வாக்குறுதி, ஏற்கெனவே வீட்டைக் கெடுத்தது அதுதான். சீ யூ என்றால் தெருமுனையில் கைகாட்டுவது. கோ என்று ஒன்று இருந்தது, கம் என்று ஒன்று இருந்தது, இரண்டையும் முடிந்துவைக்க இங்கிலீசுக்காரனிடம் கயிறு இருக்கவில்லை. புத்தகத்தை எறிந்துவிட்டு ரீச்சர் துறைமுகத்துக்கு நடந்தார்.

அங்கே ஒரு படகு கட்டவிழ்த்துக்கொண்டிருந்தது. வயதான மீனவன் ஒருவன் கரையில் நின்ற மனைவியைப் பார்க்காமலே, "இக் கொம் வேயர்" என்றான், திரும்ப வருகிறேன் என்று. அவளும் படகைப் பார்க்காமலே, "கொம் வேயர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பேசாலைக் கரையில் ரீச்சரின் தகப்பன் வள்ளத்தைத் தள்ளும்போது தாய் நிற்பதும் இப்படித்தான், முகம் திருப்பிக்கொண்டுதான். ரீச்சர் ஓடிப்போய் அந்த மனுசியை மறித்துக் கேட்டார்.

"இந்தத் துறையில் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை," என்றாள் அவள். "சொன்னவர்கள் போய்விட்டார்கள்."

விசாரணை அறையில் ஹூக்ஸ்மா என்ற இளம் அதிகாரி இருந்தார். செம்பட்டைத் தலை, சுத்தமான நகம், யாரையும் நோகடிக்காத குரல். வீட்டை விட்டுப் புறப்படும்போது உங்கள் மகன் சரியாக என்ன சொன்னார் என்று கேட்டார். சின்னத்தங்கம் அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தண்ணீர் நிரம்பிய குடத்தை இறக்கிவைப்பதுபோல் மெல்லச் சொன்னாள்.

"அம்மா, போட்டு வாறன்."

"இக் கொம் வேயர்," என்றார் ரீச்சர். நடுவில் இங்கிலீசு இல்லை. முதல்முறையாக ஒரு சொல் எங்கேயும் முங்காமல், எங்கேயும் தங்காமல், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நேரே போனது.

ஹூக்ஸ்மா தலையை நிமிர்த்தினார். அவருடைய தாத்தாவும் அதே துறையிலிருந்து அதே சொல்லைச் சொல்லிவிட்டுப் போனவர்தான், பேர் கல்லில் இருக்கிறது, உடம்பு கடலில் இருக்கிறது. அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

"போட்டு வா ராசா."

"கொம் வேயர்."

அவர் எழுதவில்லை. வழக்குக் கோப்பை மூடிவிட்டுக் கதவைப் பார்த்தார், யாரோ வரவேண்டியிருப்பதுபோல் பார்த்தார். சின்னத்தங்கம் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முடிஞ்சுதே பிள்ளை? எனக்குப் பசிக்குது" என்றாள்.

பனி கரையும் காலத்தில் இருவருக்கும் விசா வந்தது. அவர்கள் வீட்டில் பாயாசம் காய்ச்சி எங்களையெல்லாம் கூப்பிட்டார்கள். சுகிர்தா சிரித்துக்கொண்டே அழுதாள், நாங்களும் வயிறு முட்டக் குடித்தோம். எழும்பும்போது சிவபாதம் அண்ணை குசினிப் பக்கம் பார்த்து, "அக்கா, போட்டு வாறம்" என்று குரல் கொடுத்தார்.

"ஓம், போங்கோ," என்றாள் சின்னத்தங்கம் அக்கா.

ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் காலுறையுமாக அப்படியே நின்றோம். எங்கள் சனம் பகையாளியைக்கூட அப்படி வழியனுப்பாது. கோபமாகச் சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். தண்ணி கொதிக்குது என்று சொல்வதுபோல் சொன்னாள். யாரோ ஒருவர் சிரித்துச் சமாளித்தார், மற்றவர்கள் அவசரமாகப் படியிறங்கினோம்.

பிறகு தெரிந்தது. அவள் மகனை மறக்கவில்லை. அவன் பிறந்த நட்சத்திரம், பல்லு முளைத்த மாதம், தலையிலிருந்த தழும்பு எல்லாம் கேட்டால் சொல்வாள். ஆனால் "போனவன் போனவன்தானே" என்று முடிப்பாள். இரண்டு பேருக்குத்தான் உலை வைத்தாள். பூச்சாடிக்குக் கீழே கிடந்த திறப்பை எடுத்து, இது கறள் பிடிக்கும் என்று மேசை லாச்சிக்குள் போட்டாள். நன்றாக நித்திரை கொண்டாள். சக்கையும் இல்லை, ரெண்டாம் பாலும் இல்லை. கழுவிக் கவிழ்த்த சட்டியாக இருந்தாள் அவள்.

ஹூக்ஸ்மாவின் வீட்டில் இரவுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு கூடியது. யாருக்கு என்று மனைவி கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசல் பூச்சாடிக்குக் கீழே ஒரு திறப்பை வைத்தார். வேலை முடிந்ததும் வீட்டு வாசல் படலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்று, சைக்கிளில் வருகிற ஒவ்வொரு இளைஞனையும் முகம் தெரியும்வரை பார்த்தார். கோழி கூவாவிட்டாலும் விடியத்தானே செய்யும், ஆள் வராவிட்டாலும் பொழுது போனது.

சுகிர்தாவுக்குக் காலைகள்தான் கொடுமை. தக்காளி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் அவளுக்கு வேலை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "அம்மா, போட்டு வாறன்" என்பாள்.

"போ."

நாளைக்கு மாறும் என்று நினைப்பாள். மறுநாளும் போ. காய்ச்சலோடு புறப்பட்ட நாளும் போ. "அம்மா, போட்டு வா எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்று கெஞ்சியிருக்கிறாள். தாய் வாயைத் திறந்து, நாக்கால் தேடி, கிடைக்காமல், மகளை இரக்கத்தோடு பார்த்து, "பஸ்ஸுக்கு நேரம் போகேல்லையே உனக்கு? போ" என்றாள். சுகிர்தா சைக்கிளில்தான் போகிறவள்.

கடைசியில் அவள் ரீச்சரை இழுத்துக்கொண்டு ஹூக்ஸ்மாவின் படலைக்குப் போனாள். இந்தமுறை டச்சிலிருந்து தமிழுக்கு, எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்று. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி மறுத்தார். அவர் சொன்னதை ரீச்சர் அங்கேயே தமிழில் சொன்னார்.

"தரமாட்டாராம் பிள்ளை. நான் குடுத்திட்டா, பிறகு அவன் வரேக்கை ஆர் நிப்பினம் எண்டு கேக்கிறார்."

சுகிர்தா அந்த மனிதரைப் பார்த்தாள். செம்பட்டைத் தலையும் வெள்ளைத் தோலுமாக அவளுடைய தாய் அங்கே படலையைப் பிடித்துக்கொண்டு பிடிவாதமாக நின்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் தினமும் கண்டோம். கண்ணாடி வீடு ஊருக்குக் கிழக்கே. ஹூக்ஸ்மாவின் வீடு மேற்கே, கடற்காற்று முகத்தில் அறைகிற பக்கம். சுகிர்தா காலையில் முதலில் மேற்கே மிதிப்பாள். அந்தப் படலையில் ஒரு காலை ஊன்றி நின்று, "போட்டு வாறன்" என்பாள், தமிழில்தான். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கோப்பிக் கோப்பையை மதிலில் வைத்துவிட்டு, "கொம் வேயர்" என்பார். அவள் சைக்கிளைத் திருப்பி வேலைக்குப் போவாள்.

பின்னேரம் வீட்டுக்குப் போகமுன் திரும்பவும் அந்தப் படலைக்கு வந்து முகத்தைக் காட்டுவாள். அவர் அவளைக் கண்டு, வந்துவிட்டாள் என்று தலையசைப்பார். பிறகு அவளைத் தாண்டி, அவள் வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்.